கொதிக்கும் முன்பே வழியும் நீர்

மார்கழி விடியலில் கொல்லைப்புற அடுப்பில் வெந்நீர் போட்டுப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். அண்டாவைத் தளும்பத் தளும்ப நிரப்பி விறகை மூட்டினால், தண்ணீர் கொதிப்பதற்கு வெகுநேரம் முன்பே விளிம்பைத் தாண்டி வழிந்து, அடுப்பில் 'சொய்' என்று விழும். குமிழ் கூட வந்திருக்காது. ஆனாலும் அண்டா கொள்ளாமல் நீர் வெளியேறும். அதனால்தான் வீட்டுப் பெரியவர்கள் "நாலு விரக்கடை குறைச்சு ஊத்து" என்பார்கள்.

அந்த நாலு விரக்கடைக்குள் ஓர் இயற்பியல் விதி இருக்கிறது. சூடேறும் நீர் விரியும். விரிகிற நீருக்கு இடம் வேண்டும். அண்டாவில் அந்த இடத்தை நாம் கண்ணால் பார்த்து விட்டுவைத்தோம். இன்று நம் வட்டாரத்தில், பாடாலூரிலிருந்து பெரம்பலூர் வரை, புதிதாக எழும் மாடி வீடுகளில் அண்டா போய் கீசர் வந்துவிட்டது. மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் இருக்கிறது. ஷவரில் தண்ணீர் சீறி விழ வேண்டும் என்று பிரஷர் பம்பும் வைக்கிறார்கள். நீரின் குணம் மட்டும் மாறவில்லை. மூடிய இரும்புத் தொட்டிக்குள் அடைபட்ட அந்த நீருக்கு நாலு விரக்கடை இடத்தை எங்கே விட்டிருக்கிறோம் என்பதுதான் கேள்வி. அதற்கான விடைகளில் ஒன்று 'எக்ஸ்பான்ஷன் டேங்க்'. தமிழில் விரிவுக் கலம் எனலாம்.

எவ்வளவு விரியும்?

நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டும் விட்டுக்கொண்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருப்பவை. வெப்பம் ஏற ஏற அசைவு வேகம் பிடிக்கும். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிக் கொஞ்சம் கூடுதல் இடம் கேட்கும். 4 டிகிரி செல்சியஸில் நீர் மிக அடர்த்தியாக இருக்கிறது. அதற்கு மேல் சூடாக்கினால் விரிந்துகொண்டே போகிறது.

நம் ஊர் டேங்க் தண்ணீரை 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் கன அளவு ஏறக்குறைய 1.3 சதவீதம் கூடும். 70 டிகிரி என்றால் 1.8 சதவீதம். 80 டிகிரி என்றால் சுமார் 2.5 சதவீதம். கேட்பதற்குச் சின்ன எண்களாகத் தெரியும். 25 லிட்டர் கீசரில் 70 டிகிரிக்கு ஏற்றினால் கூடும் நீர் சுமார் 450 மில்லி, அதாவது இரண்டு பெரிய டம்ளர். 200 லிட்டர் சோலார் தொட்டி 80 டிகிரியைத் தொட்டால் கூடுவது கிட்டத்தட்ட 5 லிட்டர்.

இந்த இரண்டு டம்ளருக்கு இடமே கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? காற்றை அமுக்கலாம், பஞ்சை அமுக்கலாம், நீரை அமுக்குவது மிகக் கடினம். நீரின் கன அளவை 1.8 சதவீதம் குறைக்க வேண்டுமானால் 400 பார் அளவுக்கு அழுத்தம் தர வேண்டும். கடலில் நாலு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் அது. வீட்டு கீசர்த் தொட்டிகள் பெரும்பாலும் 6 முதல் 8 பார் வரைக்கும் என்றே செய்யப்படுகின்றன. ஆகவே நீர் அமுங்காது. நாம் வழி வைக்காவிட்டால் தொட்டியின் வெல்டிங்கோ குழாய் இணைப்போ, எது பலவீனமோ அது வழி விடும்.

மேல்தொட்டி தந்த பாதுகாப்பு

இத்தனை ஆண்டுகளாக நம் வீடுகளில் பெரிய விபத்துகள் இல்லாமல் கீசர்கள் ஓடியதற்கு முக்கியமான காரணம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. கீசருக்குக் குளிர்நீர் அதிலிருந்து இறங்கி வருகிறது. கீசருக்குள் நீர் விரியும்போது, கூடுதலான அந்த இரண்டு டம்ளர் வந்த வழியே பின்னோக்கி நகர்ந்து குழாயில் ஏறிக்கொள்ளும். மேலே திறந்த தொட்டியில் நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவு உயரும். அவ்வளவுதான். பத்து மீட்டர் உயர நீர் ஒரு பார் அழுத்தம் தரும். இரண்டு மாடி வீட்டின் கீழ்த்தளக் குளியலறையில் முக்கால் பார்கூட இருக்காது. வானத்தைப் பார்த்துத் திறந்த அந்தத் தொட்டிதான் நம் வீடுகளின் விரிவுக் கலமாக இருந்து வந்திருக்கிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய ஏற்பாடு அல்ல. பிரிட்டனிலும் வெந்நீர்த் தொட்டிக்கு மேல் பரணில் திறந்த தொட்டி ஒன்றை வைத்து, அதற்குள் ஒரு குழாயை வளைத்து விடும் முறைதான் தலைமுறைகளாக இருந்தது. மூடிய அழுத்தத் தொட்டிகளுக்கு அங்கே 1986-இல்தான் விதிகள் வழிவிட்டன. அதுவும் சேஃப்டி வால்வு, விரிவுக்கு இடம், தகுதி பெற்ற ஆள் என்ற நிபந்தனைகளோடு.

மொட்டைமாடி சோலார் ஹீட்டரும் பெரும்பாலும் இதே திறந்த முறைதான். தொட்டியின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏர் வென்ட் குழாய் சும்மா வைத்ததல்ல. விரிகிற நீரும் பிரிகிற காற்றும் ஆவியும் அதன் வழியே போகும். தொட்டி காலியாகும்போது வெளிக்காற்று உள்ளே வருவதும் அதன் வழியேதான். அதன் வாய், குளிர்நீர்த் தொட்டியின் நீர்மட்டத்தைவிட ஓரிரு அடியாவது உயரமாக இருக்க வேண்டும். வெந்நீர் அடர்த்தி குறைந்தது. ஆகவே வென்ட் குழாயில் அது குளிர்நீர் மட்டத்தைவிடக் கொஞ்சம் மேலேயே நிற்கும். 2 மீட்டர் நீர்ப்பத்திக்குச் சுமார் 4 சென்டிமீட்டர் கூடுதல்.

"அதிலிருந்து சொட்டுகிறது" என்று சிலர் வென்ட் வாயில் மூடி போட்டு அடைத்துவிடுகிறார்கள். இதைச் செய்யவே கூடாது. பகலில் விரியும் நீர் தொட்டியை உப்ப வைக்கும். நீர் இறங்கும்போது உள்ளே காற்றுக் குறைந்து, மெல்லிய தகடு நசுங்கும். திறந்த முறைத் தொட்டிக்கு முன்னால் பிரஷர் பம்பை இணைப்பதும் அதே அளவு தவறு. அந்தத் தொட்டி அழுத்தம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

கதவு எப்போது அடைபடுகிறது?

திறந்திருந்த அமைப்பு மூன்று காரணங்களால் மூடப்படுகிறது.

முதலாவது, என்.ஆர்.வி. என்று பிளம்பர்கள் சொல்லும் ஒருவழி வால்வு. கீசரின் குளிர்நீர் வாயில் இதைப் பொருத்துவதற்கு நியாயமான காரணம் உண்டு. வெந்நீர் பின்னோக்கிக் குளிர்நீர்க் குழாய்க்குள் போகக்கூடாது. மேல்தொட்டி வற்றினால் கீசரும் வடிந்து, நீரில்லாமல் அதன் ஹீட்டிங் காயில் எரியவும் கூடாது. ஆனால் ஒருவழி வால்வு இருந்தால் விரிந்த நீரும் திரும்பிப் போக முடியாது.

இரண்டாவது, பிரஷர் பம்ப். பம்புக்குப் பின்னாலும் ஒருவழி வால்வு இருக்கும். பம்ப் நின்ற பிறகும் குழாயில் 3 பார் வரை அழுத்தம் தேங்கி நிற்கும். மேல்தொட்டிக்குத் திரும்பும் வழி அங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, அழுத்த முறையில் இயங்கும் பெரிய சோலார் தொட்டிகளும் வெந்நீருக்கான ஹீட் பம்புகளும். இவை மூடிய அமைப்பாகவே வடிவமைக்கப்பட்டவை.

கதவு மூடிய பிறகு மிஞ்சுவது கீசரின் சேஃப்டி வால்வு. ஸ்பிரிங்கால் மூடிய அந்தச் சிறு வாய், அழுத்தம் எல்லையைத் தொட்டதும் திறந்து சொட்டுச் சொட்டாக நீரை வெளியே விடும். கீசர் சூடாகும்போது அது சொட்டுவது பழுது அல்ல, அது தன் வேலையைச் செய்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் திருகாணி போட்டோ பசை அப்பியோ அடைப்பவர்கள், தங்கள் தலைக்கு மேல் ஓர் ஆபத்தைப் பூட்டி வைக்கிறார்கள்.

ஆபத்து எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் செயலிழந்து, அடைத்த தொட்டியில் நீர் 150 டிகிரி வரை ஏறுகிறது என்று கொள்வோம். அழுத்தத்தில் இருப்பதால் அது கொதிக்காமல் நீராகவே நிற்கும். தொட்டி விரிசல் விட்ட கணத்தில் அழுத்தம் போய், அந்த நீரில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஒரே நொடியில் ஆவியாகும். 25 லிட்டர் கீசரிலிருந்து கிளம்பும் ஆவி 3,900 லிட்டர் இடத்தை அடைக்கும். சின்னக் குளியலறையில் அது குண்டு வெடித்தது போலத்தான். ஆகவே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: விரிவுக் கலம் என்பது சேஃப்டி வால்வுக்கு மாற்று அல்ல. இரண்டும் இருக்க வேண்டும். கலம் அன்றாட விரிவை ஏற்றுக்கொள்ளும். எல்லாம் கைவிட்ட நாளில் வால்வு உயிரைக் காக்கும்.

டயர் ஊருக்குத் தெரிந்த தொழில்நுட்பம்

விரிவுக் கலம் பார்ப்பதற்குச் சின்னக் கேஸ் சிலிண்டர் போல இருக்கும். உள்ளே ஒரு ரப்பர்த் திரை அல்லது பை அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் குழாயோடு இணைந்த நீர், மறுபக்கம் அடைத்து வைத்த காற்று. நீர் விரிந்தால் ரப்பரைத் தள்ளும், காற்று அமுங்கி இடம் விடும். நீர் ஆறினாலோ குழாயைத் திறந்தாலோ காற்று மீண்டும் ரப்பரைத் தள்ளி நீரை வெளியேற்றும்.

இதன் ஒவ்வொரு பாகமும் பாடாலூர்க்காரர்களுக்குப் பழக்கமானதுதான். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் இது. பக்கத்தில் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருக்கிறது. சாலையோரப் பஞ்சர் கடைகளுக்கும் குறைவில்லை. கலத்தின் காற்றுப் பக்கத்தில் இருப்பது கார் டயரில் உள்ள அதே பித்தளை வால்வு. 1893-இல் அமெரிக்காவில் ஆகஸ்ட் ஷ்ரேடர் காப்புரிமை பெற்ற வடிவம் அது. உள்ளே இருக்கும் ரப்பரும் பல கலங்களில் பியூட்டைல் ரப்பர்தான். 1937-இல் வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ் என்ற இரு வேதியியலாளர்கள் உருவாக்கியது. இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு இறுக்கமாகக் காற்றைப் பிடித்து வைக்கும். டயர் டியூபுக்கு அதைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் குணத்துக்காகத்தான்.

எந்த அளவு வாங்குவது?

அளவு கணக்கிட உதவுவது 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. வெப்பம் மாறாதபோது, அழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ காற்று அத்தனை மடங்கு சுருங்கும்.

பம்ப் 3 பாரில் நிற்கிறது என்று கொள்வோம். சேஃப்டி வால்வு 7 பாரில் திறக்கும். அதற்கு ஒரு பார் கீழே, 6 பார் என்று நம் எல்லையை வைத்துக்கொள்வோம். மீட்டர் காட்டும் அழுத்தத்தோடு வளிமண்டலத்தின் ஒரு பாரையும் கூட்ட வேண்டும். ஆக, தொடக்கம் 4, முடிவு 7. கலத்தில் உள்ள காற்று ஏழில் நாலு பங்காகச் சுருங்கும். மீதி ஏழில் மூன்று பங்குதான் நீருக்குக் கிடைக்கும் இடம். எனவே விரியும் நீரை 7-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் கலத்தின் அளவு கிடைத்துவிடும்.

25 லிட்டர் கீசரை 70 டிகிரிக்கு ஏற்றினால் விரிவு 450 மில்லி. தேவை ஒரு லிட்டருக்குச் சற்று மேல். 2 லிட்டர்க் கலம் போதும். ஹீட் பம்போடு இணைந்த 200 லிட்டர் தொட்டி, 60 டிகிரி: விரிவு 2.5 லிட்டர், தேவை சுமார் 6. 8 லிட்டர்க் கலம் சரி. அழுத்த முறை சோலார் தொட்டி, 200 லிட்டர்: வீட்டில் ஆளில்லாத இரண்டு நாள் வெயிலில் 80 டிகிரியை எட்டலாம். விரிவு கிட்டத்தட்ட 5 லிட்டர், தேவை 11.5. 12 லிட்டர் விளிம்பில் நிற்கும், அதற்கு அடுத்த பெரிய அளவை எடுப்பதே நல்லது. பெரிய கலத்தால் செலவு கூடுமே தவிரக் கெடுதல் இல்லை. சிறியது வாங்கினால் வாங்காததற்குச் சமம்.

வாங்கும்போது கலத்தின் நிறத்தை நம்பக் கூடாது, அதில் ஒட்டிய சீட்டைப் படிக்க வேண்டும். ரப்பர் குடிநீருக்கு உகந்ததா, எத்தனை டிகிரி வரை தாங்கும், எத்தனை பார் வரை தாங்கும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பம்போடு வரும் உருண்டையான பிரஷர் டேங்க்கும் உள்ளே இதே போலத்தான் இருக்கும். ஆனால் அதற்கும் கீசருக்கும் நடுவில் ஒருவழி வால்வு இருந்தால், அது கீசருக்கு உதவாது. விரியும் நீர் அதை எட்டவே முடியாது.

எங்கே, எப்படிப் பொருத்துவது?

இடம்தான் முக்கியம். குளிர்நீர்க் குழாயில், ஒருவழி வால்வுக்குப் பிறகு, கீசருக்கு முன்பு. வெந்நீர்ப் பக்கத்தில் வைத்தால் ரப்பர் விரைவில் கெடும். கலத்துக்கும் கீசருக்கும் இடையில் கேட் வால்வோ பால் வால்வோ வரக்கூடாது. ஒருநாள் யாரோ தெரியாமல் அதை அடைத்தால் கலம் இருந்தும் பயனில்லை.

பொருத்தும் முன்பே காற்றைச் சரிபார்க்க வேண்டும். கலத்தில் நீரோ அழுத்தமோ இல்லாதபோதுதான் இதைச் செய்ய முடியும். பம்ப் நிற்கும் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவு காற்று இருக்க வேண்டும். 3 பார் என்றால் டயர்க் கடைக் கணக்கில் ஏறக்குறைய 44 பி.எஸ்.ஐ., கார் டயருக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல். சைக்கிள் பம்பும் டயர் கேஜும் இருந்தால் வீட்டிலேயே முடிந்துவிடும். காற்று குறைவாக இருந்தால் சூடாகும் முன்பே குளிர்நீர் கலத்தை நிரப்பிவிடும். பிறகு விரியும் நீருக்கு இடமிருக்காது. அதிகமாக இருந்தால் அழுத்தம் வெகுவாக ஏறும் வரை நீர் உள்ளேயே நுழையாது.

கீசரின் மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீரை அடைத்து, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிய பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. ஆகவே பிளாஸ்டிக் குழாயில் கலத்தைத் தொங்கவிடாமல் சுவரில் கிளாம்ப் அடித்துத் தாங்க வேண்டும். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் தாள் சொல்லும். மொட்டைமாடியில் வைத்தால் நிழல் கட்டாயம், வெயிலில் கலம் சூடேறினால் ரப்பர் விரைவில் கெடும். காற்று வால்வுக்குக் கை எட்ட வேண்டும். எட்டாத இடத்தில் இருப்பதை யாரும் சோதிப்பதில்லை. இணைத்த பிறகு வெந்நீர்க் குழாய்களைத் திறந்து காற்றை வெளியேற்றி, நீர் நிரம்பி ஒழுக்கில்லை என்று பார்த்த பிறகு மின்சாரம் தர வேண்டும். கீசர் முழுச் சூட்டுக்கு வந்து தானே அணையும் வரை சேஃப்டி வால்வைப் பாருங்கள். சொட்டவில்லை என்றால் கலம் வேலை செய்கிறது.

அழுத்த முறையில் ஓடும் பெரிய தொட்டிகளில், வெப்பம், அழுத்தம் இரண்டில் எது எல்லை தாண்டினாலும் திறக்கும் வால்வும் தேவை. அதன் வாய்க்குழாயை மனிதர் நடமாடாத தரைப் பக்கம் இறக்கிவிட வேண்டும்.

உப்புத் தண்ணீரும் ஆண்டுச் சோதனையும்

நம் வட்டாரத்துக்கு என்று ஒரு கவலை உண்டு. பாடாலூருக்குக் கிழக்கே காரை, சாத்தனூர் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்தது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கடலின் சுண்ணாம்புதான் இன்று அரியலூர்ச் சிமென்ட் ஆலைகளுக்கு உணவு. அந்தச் சுண்ணாம்பு கரைந்த போர்வெல் தண்ணீரைச் சூடாக்கினால், கரைந்திருந்தது வெள்ளைப் படிவாகப் பிரிந்து கீசர்க் காயில் ஒட்டும், சேஃப்டி வால்வின் வாயிலும் ஒட்டும். படிவு இறுகிய வால்வு, தேவைப்படும் நாளில் திறக்காது. ஆகவே கீசர் ஆறியிருக்கும் வேளையில், அதன் சிறு நெம்புகோலை மாதம் ஒரு முறை தூக்கி நீர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடவில்லை என்றால் வால்வை மாற்ற வேண்டும்.

கலத்துக்கு ஆண்டுக்கு ஒரு சோதனை போதும். ரப்பர் வழியே காற்று மெல்ல மெல்லக் கசியும், டயரைப் போலத்தான். நீர் அழுத்தத்தை இறக்கிவிட்டுக் காற்றை அளந்து, குறைந்ததை அடித்து நிரப்பலாம். காற்று வால்வின் ஊசியை ஒரு கணம் அழுத்தும்போது காற்றுக்குப் பதில் நீர் வந்தால் ரப்பர் கிழிந்துவிட்டது, மாற்றியாக வேண்டும். தெர்மோஸ்டாட்டை 75-இலிருந்து 60-க்கு இறக்கினாலே விரிவு 2.1 சதவீதத்திலிருந்து 1.3 சதவீதமாகக் குறையும். மின்கட்டணமும் குறையும், படிவும் குறையும்.

எல்லா வீட்டுக்கும் கலம் வேண்டாம். மேல்தொட்டியிலிருந்து தடையின்றி இறங்கும் குழாய் என்றால் தேவையே இல்லை. ஒருவழி வால்வு உள்ள சின்னக் கீசர் என்றால், சேஃப்டி வால்வின் சொட்டுக்கு ஒரு வடிகுழாய் வைத்தாலும் ஓடும், கலம் வைத்தால் தொட்டிக்கு ஆயுள் கூடும். பிரஷர் பம்போடு நூறு, இருநூறு லிட்டர்த் தொட்டி என்றால் கட்டாயம் வேண்டும்.

உங்கள் வீடு எந்த வகை என்று தெரிந்துகொள்ள இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். கீசரின் குளிர்நீர் வாயில் விரலை வைத்து, குழாயோடு பின்னோக்கிப் போங்கள். விரல் எந்த வால்விலும் தடைபடாமல் மொட்டைமாடித் தொட்டி வரை போய்ச் சேர்ந்தால், பாட்டி அண்டாவில் விட்ட நாலு விரக்கடை உங்கள் வீட்டிலும் இருக்கிறது. நடுவில் ஒருவழி வால்வோ பம்போ தடுத்தால், அந்த நாலு விரக்கடையை நீங்கள்தான் வைத்தாக வேண்டும்.